மலிவான மண்வெட்டியா, நல்ல மண்வெட்டியா?

கரம்பொனில் ஒரு வளவு. வேலியோரம் நட்ட பூவரசங் கதியால்கள் அப்போதுதான் தளிர்க்கத் தொடங்கியிருந்தன. கிணற்றடியில் நின்ற அம்மா இரண்டு மண்வெட்டிகளைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார். ஒன்று, நீலப் பூச்சு இன்னும் போகாத புதியது. ஆனால் அதன் வாய் ஒரு பக்கமாக மடிந்திருந்தது. பிடி நுழையும் காதுப் பக்கம் ஒட்டு விட்டிருந்தது. மற்றையது பழையது. தேய்ந்து தேய்ந்து பாதி அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் விளிம்பு வெள்ளிபோல் மினுங்கியது.

“சுவாமி, இது போன புரட்டாதியிலை வாங்கினது. மூண்டு கிழமை கூட நிண்டு பிடிக்கேல்லை. மற்றது எங்கடை மாமா வாங்கினது. தொண்ணூற்றொண்டிலை வெளிக்கிடேக்கை பிடியைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, அலகை மட்டும் சாக்கிலை சுத்திக் கொண்டு போனனாங்கள். போன இடத்திலை ஒரு தடியை வெட்டிப் போட்டால் மண்வெட்டி தானே!”

அந்த அலகு 1991 இல் தீவகத்தை விட்டு யாழ்ப்பாணம் போனது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்களோடு தென்மராட்சிக்கு நடந்தது. 1996 இல் திரும்பிவந்து, பல ஆண்டுகள் உறவினரின் தோட்டத்தைக் கொத்தியது. கடைசியில் கரம்பொனுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

“அப்படியானால் ஏனம்மா புதுசை மலிவாக வாங்கினீர்கள்?” என்று கேட்டேன்.

“கையிலை இருந்த காசு அவ்வளவுதான் சுவாமி. அதோடை, நாளைக்குத் திரும்பவும் வெளிக்கிடச் சொன்னால், விலை கூடின சாமானை வாங்கி என்ன செய்யிறது எண்ட யோசினையும்.”

அந்தக் கடைசி வசனம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பயம் போடும் கணக்கு

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று பொருள் வாங்கக் கடைக்குப் போகும்போது, பயமும் கூடவே போகிறது. போட்டது போட்டபடி ஓடியவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. விட்டுவிட்டு ஓட வேண்டி வரலாம் என்றால் மலிவானதே போதும் என்று மனம் சொல்கிறது.

ஆனால் மேலே சொன்ன மண்வெட்டியின் கதை வேறொன்றைச் சொல்கிறது. அந்தக் குடும்பம் வீட்டை விட்டது, கிணற்றை விட்டது, மாட்டை விட்டது. அலகு மட்டும் கூடவே போனது. போன இடமெல்லாம் அன்றைய கூலிக்கு வழி செய்தது. ஆகவே இடம்பெயர்ந்தவர்களின் கணக்கு இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது: கையோடு எடுத்துச் செல்லக்கூடியது நல்லதாக இருக்கட்டும், விட்டுப்போக வேண்டியது மலிவாக இருக்கட்டும்.

பிறர் காணியில் குத்தகைக்குத் தோட்டம் செய்பவர்களும், காணி விடுவிப்புக்காக இன்னும் காத்திருக்கும் வலிகாமம் வடக்குக் குடும்பங்களும் இதை நன்றாக யோசிக்க வேண்டும். இன்னொருவர் நிலத்தில் விலை கூடிய குழாய் தாழ்ப்பதும், நிரந்தரக் கொட்டில் போடுவதும் தேவையில்லை. அங்கே மலிவான குழாயும் ஓலைக் கொட்டிலும் போதும். ஆனால் மண்வெட்டி, கத்தி, கோடாலி, உழவாரம், கொக்கச்சத்தகம் ஆகியவை உங்களோடு வருபவை. காசு இருந்தால் அதை இவற்றிலே போடுங்கள்.

எங்கள் பக்கத்துத் தவறு

மலிவான கருவியை வாங்குவது ஏழை விவசாயி மட்டுமல்ல. உதவி செய்யப் போகிறவர்களும் அதையே செய்கிறார்கள். 2009 இல் போர் முடிந்தபின் வன்னியிலும் வேறு இடங்களிலும் மீளக் குடியமர்ந்த குடும்பங்களுக்குக் கருவிப் பொதிகள் வழங்கப்பட்டன. மண்வெட்டி, கோடாலி, கத்தி, அலவாங்கு என்று பட்டியல் இருக்கும். மூன்று கடைகளிடம் விலை கேட்பார்கள். குறைந்த விலை சொன்னவருக்குக் கட்டளை போகும். கணக்காய்வுக்கு அது சுகம். ஆனால் விலை கேட்கும் தாளில் “மண்வெட்டி” என்று மட்டும் எழுதியிருந்தால், வருவது மண்வெட்டி போன்ற ஒரு தகடாகவும் இருக்கலாம்.

அப்படியொரு தாளில் நானும் கையெழுத்து வைத்தவன். இரண்டு மாதம் கழித்து ஒரு கிராமத்துக்குப் போனபோது, நாங்கள் கொடுத்த மண்வெட்டியின் அலகைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் பாவிப்பதைக் கண்டேன். ஒருவரும் என்னைக் குறைசொல்லவில்லை. இலவசமாகக் கிடைத்ததைக் குறைசொல்லக் கூடாது என்ற மரியாதை. அந்த மௌனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றே எண்ணிக்கையைக் குறைத்து நல்லதாக வாங்கி, இரு குடும்பங்களுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தாலும் பயன் இருந்திருக்கும்.

நான்கு கேள்விகள்

எல்லாவற்றையும் தரமானதாக வாங்க எவராலும் முடியாது, தேவையுமில்லை. கடை வாசலில் நின்று நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது: இது எத்தனை நாள் என் கையில் இருக்கும்? உதாரணமாக, 1,000 ரூபாய் மண்வெட்டி ஒரு போகம் உழைக்கிறது என்றும், 2,500 ரூபாய் மண்வெட்டி ஐந்து போகம் உழைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதற்குப் போகத்துக்கு 1,000 ரூபாய். இரண்டாவதற்கு 500 ரூபாய். மலிவானதே விலை கூடியது. அதேவேளை, வீட்டுக் கூரை போடும்போது பத்து நாள் மட்டும் பாவிக்கும் வாளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதற்கு மலிவானது போதும். அயலிலே இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது: இது முறிந்தால் என்ன நிற்கும், யாருக்கு நோகும்? புரட்டாதி விதைப்பு நேரத்தில் மண்வெட்டி முறிந்தால், மழை காத்துக்கொண்டு நிற்காது. கோடாலித் தலை கழன்று பறந்தால் ஆளுக்கே ஆபத்து. கிணற்றுக் கயிறும் அப்படியே. முதுகில் சுமந்து மருந்து விசிறும் இயந்திரத்தின் வாய்ப்புறம் ஒழுகினால், நஞ்சு முதுகு நனைந்து உடம்புக்குள் போகும். இவற்றில் மலிவு பார்ப்பது ஆஸ்பத்திரிச் செலவை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது போலாகும்.

மூன்றாவது: இதை எங்கள் ஊரிலே திருத்த முடியுமா? தரமானது என்று சொல்லி விற்கப்படும் சில இயந்திரங்களின் ஓர் உதிரிப் பாகத்துக்காகக் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணச் சந்தையில் கிடைக்கும் பாகமும், ஊரிலே அதைப் பூட்டத் தெரிந்த ஆளும் இருந்தால், அந்த நடுத்தர இயந்திரமே எமக்குத் தரமானது. 1960 களில் ஷூமாக்கர் என்ற பொருளியலாளர், ஏழை நாடுகளுக்குப் பெரும் இயந்திரமும் வேண்டாம், வெறுங்கையும் போதாது, இரண்டுக்கும் இடைப்பட்ட கருவிகளே வேண்டும் என்று வாதாடினார். அவர் சொன்னதன் சாரமும் இதுவே.

நான்காவது: இந்தத் தொழில் எனக்குத் தெரியுமா? பழக்கமான வேலைக்கு எந்தக் கருவி நல்லது என்று உங்கள் கைக்கே தெரியும். புதிதாகத் தொடங்கும் தொழிலில் அது தெரியாது. தையலோ, கோழி வளர்ப்போ, சொட்டு நீர்ப்பாசனமோ, முதல் முறை இரவலாகவோ மலிவாகவோ எடுத்துச் செய்து பாருங்கள். ஒரு போகம் போனால் அந்தக் கருவியில் என்ன குறை என்று தெரிந்துவிடும். அப்போது நல்லதை வாங்கினால் ஏமாற மாட்டீர்கள். தொழில் சரிவராவிட்டால் நட்டமும் சிறிது.

இரும்பைப் பார்த்து வாங்குதல்

விலை கூடியதெல்லாம் தரமானதல்ல. முத்திரையும் சாட்சியல்ல. பழைய நாளில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ரன் நகரில் சில்லிங்ரன் நிறுவனம் முதலை முத்திரையோடு மண்வெட்டிகள் செய்து பல நாடுகளுக்கும் அனுப்பியது. நல்ல பெயர் எடுத்த எந்த முத்திரையையும் இன்னொருவர் போலியாகக் குத்தி விற்கலாம். ஆகவே இரும்பையே பாருங்கள்.

அலகைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல உருக்கு மணிபோல் ஒலிக்கும். வெடிப்பு இருந்தால் சத்தம் அடைத்துக் கேட்கும். கடைக்காரர் சம்மதித்தால் விளிம்பில் ஓர் அரத்தை வைத்து இழுங்கள். மெழுகை அரிவது போல் அரம் இலகுவாகக் கடித்தால் இரும்பு மெது, அது மடியும். அரம் அடியோடு வழுக்கினால் இரும்பு மிகக் கடினம். எங்கள் சுண்ணாம்புக் கல்லில் பட்டதும் பல்லுப் பல்லாக உடையும். சிறிது முயற்சி எடுத்து அரம் கடிப்பதே எங்கள் மண்ணுக்கு ஏற்றது. காது தனித் துண்டாக வைத்து ஒட்டப்பட்டிருந்தால் ஒட்டைச் சுற்றிப் பாருங்கள். பூச்சுக்குக் கீழே இடைவெளி இருந்தால் விட்டுவிடுங்கள்.

பிடிக்குக் காசு கொடுக்க வேண்டாம். வளவில் நிற்கும் புளியில் ஒரு நல்ல கொம்பு போதும். காசு அலகுக்கே போகட்டும்.

பெரிய மெசின் நல்ல மெசினா?

நீர் இறைக்கும் இயந்திரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீவகத்தில் நன்னீர், கடல் நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பொது விதி. அதன் மறுபக்கம் பயங்கரமானது. மேலே ஓர் அடி நீரை இறக்கினால், கீழிருந்து உவர் பல மடங்கு உயரத்துக்கு ஏறப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு நேரம் இருந்தது. சக்தி கூடிய மெசின் ஒரு மணித்தியாலத்தில் கிணற்றை வற்றச் செய்துவிடும். அப்படி உவர் ஏறிய கிணற்றுக்கு எந்தக் கடையிலும் உதிரிப் பாகம் இல்லை. ஆகவே இங்கே சிறிய மெசினே சிறந்தது. கொஞ்சமாக இறைத்து, ஊறவிட்டு, மீண்டும் இறைப்பதே முறை.

எண்ணெயையும் கணக்கில் எடுங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். மலிவாக வாங்கிய மெசின் மணித்தியாலத்துக்குக் கால் லீற்றர் கூடுதலாகக் குடித்தால், 100 மணித்தியாலத்தில் 25 லீற்றர். அந்த விலைப்படி 8,500 ரூபாய். வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு ஒன்றிரண்டு போகத்தில் புகையாகப் போய்விடும். மெசின் வாங்குமுன் அதையே பாவிக்கும் ஒருவரிடம் போய், எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று கேளுங்கள்.

காசு இல்லாதபோது

“சுவாமி சொல்வது சரி, ஆனால் 2,500 ரூபாய்க்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி. நல்லதை ஒருமுறை வாங்க வசதி இல்லாததால், மலிவானதைத் திரும்பத் திரும்ப வாங்கி ஏழையே கூடுதலாகச் செலவழிக்கிறான். இதை முறிக்க மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, கூட்டாக வாங்குவது. அலவாங்கு வேலி போடும் நாட்களில்தான் வேண்டும். கட்டாக்காலி மாடுகளால் தீவகத்தில் வேலி இல்லாமல் தோட்டம் இல்லை என்றாலும், வருடம் முழுவதும் எவரும் வேலி போடுவதில்லை. நாலு வீட்டுக்கு ஒரு நல்ல அலவாங்கு போதும். மருந்து விசிறும் இயந்திரமும் அப்படியே. யார் பொறுப்பு, முறிந்தால் யார் திருத்துவது என்பதை முதலிலேயே பேசி எழுதிவையுங்கள். எழுதாத கூட்டு, மனத்தாங்கலில் முடியும். கமக்காரர் அமைப்பும், சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் இதற்கு உதவலாம்.

இரண்டு, பழைய இரும்பு. 1990 முதல் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் கம்மாலைகளில் லொறி வில்லை அடித்துக் கத்தியும் மண்வெட்டியும் செய்வார்கள். சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன். காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் துவைக்கும்போது எழும் சீறல் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. அந்த வில் நல்ல உருக்கு. பழைய இரும்புக் கடையில் கிடக்கும் தேய்ந்த அலகை வாங்கி, கம்மாலையில் வாய் பிடித்து, துவைச்சல் வைத்து எடுத்தால், புதிய தகரத்தைவிட அது நின்று உழைக்கும். கொல்லருக்கும் வேலை கிடைக்கும்.

மூன்று, பராமரிப்பு. மண்ணோடு மூலையில் போட்டால் நல்ல மண்வெட்டியும் கறள் பிடிக்கும். மாலையில் கழுவித் துடைத்து, கிழமைக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் தடவுங்கள். இதற்குக் காசு வேண்டாம்.

கரம்பொனை விட்டுப் புறப்படுமுன் அந்த அம்மாவிடம், மடிந்த மண்வெட்டியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். சாம்பல் அள்ளவும் எரு வாரவும் அது காணும் என்றார். அதுவும் சரிதான், மலிவானதற்கும் ஒரு வேலை உண்டு. பழைய அலகுக்கு மகன் புதிதாகப் புளியம்பிடி செதுக்கிக்கொண்டிருந்தான். பிடி கொஞ்சம் நீளமாக இருக்கிறதே என்றேன்.

“இனி வெட்டத் தேவையில்லை எண்டு நினைக்கிறம், சுவாமி” என்றார் அம்மா.