169.254 என்று தொடங்கும் முகவரி

வைஃபை கோடுகள் முழுசாகத் தெரிகின்றன, ஒரு பக்கமும் திறக்கவில்லை, 'சரியான ஐபி அமைப்பு இல்லை' என்று விண்டோஸ் சொல்கிறது, ரவுட்டர் போய்விட்டதா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கூடவே லேப்டாப் திரையையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. பாதி விடை அங்கேயே இருக்கிறது.

வைஃபையில் சேர்ந்ததும் லேப்டாப் 'முகவரி வேண்டும்' என்று குரல் கொடுக்கும். ரவுட்டரில் முகவரி வழங்கும் டிஹெச்சிபி தன் கையிருப்பிலிருந்து ஒன்றைக் கெடு வைத்துக் கொடுக்கும். வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்குவது. பதிலே வராவிட்டால் லேப்டாப் 169.254 வரிசையில் தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 98-இலேயே இருந்த ஏற்பாடு. 2005-இல் பொது விதியானது.

அது எடுத்துக்கொள்ளும் அழகுதான் எனக்குப் பிடித்தது. நான் கல்லூரிக்குப் போன பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள் உண்டு. 'இங்க ஆள் வருதா?' என்று கேட்டுவிட்டு உட்காருபவர்களும் உண்டு. லேப்டாப் இரண்டாவது ரகம். ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, அது யாரிடமாவது இருக்கிறதா என்று மூன்று முறை கேட்கும். இருந்தால் விட்டுவிட்டு வேறு எண் பார்க்கும். இந்த முகவரிகளை வைத்தே இரண்டு லேப்டாப்களைக் கேபிளால் இணைத்து, ரவுட்டர் இல்லாமலே ஃபைல்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இவற்றிலிருந்து வருவதை எந்த ரவுட்டரும் வெளியே அனுப்பக் கூடாது என்பது விதி. இன்டர்நெட் கிடைக்காதது அதனால்தான்.

அப்படியானால் ரவுட்டர் ஏன் பதில் சொல்லவில்லை? ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகு, வீட்டிலுள்ள ஃபோனில் முகவரியைப் பாருங்கள். அங்கே 192.168 வந்திருந்தால் ரவுட்டர் நலம். லேப்டாப்பில் வைஃபையை மறக்கச் சொல்லி மறுபடி இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். எதற்குமே வரவில்லை என்றால் ரவுட்டரில் டிஹெச்சிபி அணைந்திருக்கலாம். புதிதாக வரும் கருவிக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் கையிருப்பு தீர்ந்திருக்கலாம். இப்போதைய ஃபோன்கள் அந்தரங்கத்துக்காகத் தம் அடையாள எண்ணை மாற்றிக்கொள்வதால், ஒரே ஃபோன் இரண்டு முகவரிகளைப் பிடித்து வைத்திருப்பதும் உண்டு.

லேப்டாப்பின் முகவரியைப் பார்க்காமலே 'புதுசு வாங்கிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. எத்தனை நல்ல ரவுட்டர்கள் இப்படிக் குப்பைக்குப் போகின்றன! அவசரப்பட்டு ரீசெட் துளையில் குண்டூசியை நுழைக்கவும் வேண்டாம். இணைப்புக்கான யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள் போட்டிருந்தால் அவையும் சேர்ந்து அழியும். முதலில் அவற்றை இணைப்பு கொடுத்தவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.