வெஸ்டா ஏன் இவ்வளவு வெளிச்சம்?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றும் லட்சக்கணக்கான சிறுகோள்களில் வெறுங்கண்ணுக்கு அகப்படுவது அநேகமாக ஒன்றுதான்: வெஸ்டா. அது பூமியை நன்றாக நெருங்கும் காலங்களில், ஊர் வெளிச்சம் எட்டாத வெளியில் நின்று, இடம் அறிந்து பார்ப்பவருக்கு மங்கிய விண்மீனைப் போலத் தெரியும்.

1807 மார்ச் 29 அன்று ஜெர்மனியின் பிரேமன் நகரில் இதைக் கண்டவர் ஹைன்ரிஷ் ஓல்பர்ஸ் என்ற மருத்துவர். பெயர் வைக்கும் பொறுப்பைக் கணித மேதை காஸிடம் விட்டார். காஸ் தேர்ந்தெடுத்தது ரோமானியரின் அடுப்படித் தெய்வத்தின் பெயரை. அந்தச் சிறுகோளே ஒரு காலத்தில் உலையாகக் கொதித்தது என்பதை அன்றைக்கு யாரும் அறிந்திருக்க வழியில்லை.

சிறுகோள் பட்டையில் மிகப் பெரியது சீரிஸ். குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர். வெஸ்டா 525 கிலோமீட்டர்தான். ஆனால் சீரிஸ் கரியைப் போன்றது, தன்மேல் படும் ஒளியில் ஏறக்குறைய 9 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. வெஸ்டா 40 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தருகிறது. சூரியனுக்குச் சற்று அருகில் இருப்பதும் உதவுகிறது என்றாலும், உண்மையான காரணம் அதன் மேனிதான்.

சூரியக் குடும்பம் பிறந்த புதிதில், சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், தூசியோடு கலந்திருந்த அலுமினியம்-26 என்ற கதிரியக்கப் பொருள் சிதைந்து வெப்பம் தந்தது. சீக்கிரமே திரண்டுவிட்ட வெஸ்டா அந்தச் சூட்டில் உருகியது. இரும்பு அடியில் இறங்கிக் கருவாயிற்று. மேலே பாறைக்குழம்பு பரவி வெளிர்ச் சாம்பல் ஓடாக இறுகியது. கோளாகும் வழியில் பாதி தூரம் வந்து நின்றுபோன உலகம் இது.

இதை எப்படி அறிந்தோம்? 1970இல் தாமஸ் மெக்கார்டும் உடன் ஆய்ந்தவர்களும் வெஸ்டாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். பூமியில் விழுந்த ஒருவகை எரிமலைப்பாறை விண்கற்களின் நிறமாலையோடு அது பொருந்தியது. அந்த இனத்தைச் சேர்ந்த கல் ஒன்று 1996 ஜூன் 20 அன்று ராஜஸ்தானின் பிப்லியா கலான் கிராமத்தில் விழுந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் அதைச் சோதித்து, அலுமினியம்-26 சிதைந்து மாறிய மக்னீசியம்-26இன் தடயத்தை 1999இல் அறிவித்தார்கள். எப்போதோ அவிந்த அடுப்பின் சாம்பலைத் தேடி எடுத்தது போன்ற வேலை. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த ஆய்வு இதுதான்.

அவ்வளவு தொலைவிலிருந்து கல் இங்கே வரும் வழியை, 2011 ஜூலையில் வெஸ்டாவை அடைந்து ஓராண்டுக்கு மேல் சுற்றிய நாசாவின் டான் விண்கலம் விளக்கியது. தென்துருவத்தில் ரியாசில்வியா என்ற பள்ளம். அகலம் 500 கிலோமீட்டர், கிட்டத்தட்ட வெஸ்டாவின் அகலமேதான். நடுவே எழும்பும் மலை எவரெஸ்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அப்பேர்ப்பட்ட மோதல்களில் சிதறிய துண்டுகளே சூரியனைச் சுற்றிச் சுற்றிப் பூமியின் பாதைக்கு வந்து சேர்கின்றன. இங்கு விழும் விண்கற்களில் சுமார் 6 சதவீதம் இந்த இனம். காற்றில் உரசி எரிந்ததால் வெளியே பளபளப்பான கருந்தோல் இருக்கும். உடைத்தால், உள்ளே அதே வெளிர்ச் சாம்பல்.