தானாக விழுந்தார் என்று எழுதிவிட்டால்

சாலையில் அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவசரப் பிரிவில் ஒரு பதிவேட்டைத் திறப்பார்கள். ஏ.ஆர். என்று சொல்லப்படும் விபத்துப் பதிவேடு. எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்பார். அடிபட்டவர் நினைவில்லாமல் கிடந்தால் கூட வந்தவர் பதில் சொல்வார். அவர் பெரும்பாலும் விபத்தை நேரில் பார்த்தவராக இருக்க மாட்டார். "பைக்கிலிருந்து விழுந்துட்டார் சார்" என்பார். அது அப்படியே பதிவேட்டில் ஏறிவிடும். சில ஆண்டுகள் கழித்து, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். இன்று லாரி மோதியது என்கிறார்கள், அன்று தானாக விழுந்ததாகத்தானே சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்பார்.

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் தோற்ற வழக்குகள் ஏராளம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் முழு இழப்பீடு கேட்பவர், மற்றொரு வண்டியை ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும். குற்ற வழக்கைப் போல ஐயம் திரிபற நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் ஏ.ஆர். ஒன்று சொல்லி, பத்து நாள் கழித்துப் பதிவான எஃப்.ஐ.ஆர். வேறொன்று சொன்னால், வண்டியைப் பிறகு சேர்த்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழும். போலி விபத்து வழக்குகள் பல மாநிலங்களில் பிடிபட்டிருப்பதால் அந்தச் சந்தேகம் எளிதில் எடுபடுகிறது. எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டுமே. "கேஸ் வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று மோதியவர் சொன்னதை நம்பி ஸ்டேஷனுக்குப் போகாமல் இருந்தோம் என்பதே பல குடும்பங்களின் காரணம். அதைச் சொன்ன ஆள் பிறகு போனை எடுப்பதில்லை. மருத்துவமனையில் கூட இருப்பவர் ஒருவராவது மோதிய வண்டியின் எண்ணைச் சொல்லிப் பதியச் செய்ய வேண்டும். அன்றே ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்கிவிட வேண்டும்.

அடுத்தது கெடு. 1994 முதல் இந்த மனுக்களுக்குக் காலவரம்பே இல்லாமல் இருந்தது. 2019இல் வந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்றாகிவிட்டது. முதுகெலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு ஆறு மாதம் என்பது இரண்டு அறுவை சிகிச்சைக்கு நடுவில் கரைந்துபோகும் காலம். இந்த விதி அநியாயமானது என்றே நான் கருதுகிறேன். இதை எதிர்த்த வழக்குகளும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. ஆனால் அங்கே சாதகமாக முடியும் என்று நம்பிக் காத்திருப்பது ஆபத்து. காவல்துறையே விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அதையே மனுவாகக் கொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அறிக்கை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அதையும் நம்பியிருக்க முடியாது. விபத்து எந்த ஊரில் நடந்திருந்தாலும், அடிபட்டவர் வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. காதுகுத்துக்கும் கோயிலுக்கும் குட்டியானையில் இருபது பேர் ஏறிப் போவது நம் ஊர்களில் வழக்கம். அது சரக்கு வண்டி. ஏற்றிய சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ தவிர, அதில் சும்மா ஏறிப் போனவர்களுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே தீர்ப்பளித்துவிட்டது. வண்டி கவிழ்ந்தால் இழப்பீட்டை அதன் உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும். கடன் வாங்கி ஒரே வண்டி ஓட்டுபவரிடம் எதை ஜப்தி செய்வது? முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று சில வழக்குகளில் நீதிமன்றங்கள் உத்தரவிட்டதுண்டு. எல்லா வழக்கிலும் அப்படிக் கிடைக்காது. நண்பரின் பைக்கை இரவல் வாங்கி ஓட்டித் தானே விழுந்தவர் அந்த வண்டியின் உரிமையாளர் இடத்தில் வைத்துப் பார்க்கப்படுவார் என்ற 2009 தீர்ப்பும் இப்படிப்பட்டதுதான். அவரை மூன்றாம் நபராகக் கருத மாட்டார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தொகை சுருங்குவது வருமானத்தில். கர்நாடகத்தில் 2008இல் விபத்தில் காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவர், மாதம் பத்தாயிரம் சம்பாதித்ததாகச் சொன்னார். கையில் ஆதாரம் இல்லை. 3,500 ரூபாய் என்று வைத்தது தீர்ப்பாயம். உச்ச நீதிமன்றம் 2014இல் அதை 6,500 ஆக்கியது. இருபத்தைந்து வயது வரை உள்ளவருக்கு ஆண்டு வருமானத்தைப் பதினெட்டால் பெருக்குவார்கள். மாதம் 3,000 ரூபாய் வித்தியாசம் அந்தப் பெருக்கலில் 6,48,000 ரூபாய். கூலி வேலை செய்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. ஜிபே வரவு, மண்டி பில், மேஸ்திரியின் நோட்டு என்று எது இருந்தாலும் பயன்படும்.

ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதத்தை மட்டும் பார்த்துத் தொகை போடக் கூடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாக்கியது. இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ கிட்டத்தட்ட முழுப் பிழைப்பையும் இழக்கிறார். அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தர் வேலையில் நீடிக்கலாம். சான்றிதழைத் தாக்கல் செய்தால் மட்டும் போதாது. சிகிச்சை செய்த அல்லது ஊனத்தை மதிப்பிட்ட டாக்டர் சாட்சி சொல்லி, இந்த ஆளால் இந்த வேலையை இனிச் செய்ய முடியாது என்று பதிவாக வேண்டும். செலவுக்குப் பயந்து டாக்டரைக் கூப்பிடாமல் விடுவது பெரிய இழப்பில் முடியும்.

மருத்துவமனை வாசலில் ஆள் பிடிக்கும் புரோக்கரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேரம் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. அவசரப்பட்டு வாங்கும் சமரசத் தொகையிலும் கவனம் தேவை. யார் தவறு என்று பார்க்காமல் 164ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் உண்டு. அதை ஏற்றுக்கொண்டால் 166இல் போட்ட மனு காலாவதியாகிவிடும். லோக் அதாலத்தில் முடித்துக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. காலுக்குள் வைத்த பிளேட்டை எடுக்க இன்னோர் அறுவை சிகிச்சை பாக்கி இருக்கலாம். அது எப்போது, எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிய பிறகே அங்கே கையெழுத்துப் போட வேண்டும்.