ஈய ரவை எங்கே போகிறது?

பன்னிரண்டு போர் (குழல்வாய் அளவு) துப்பாக்கியின் தோட்டாவுக்குள் இருப்பவை சிலவே. வெளியே கூடு, முன்பு பித்தளையிலும் தடித்த காகிதத்திலும் செய்தார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். அடியில், குத்துப்பட்டதும் பொறிவிடும் கேப். அதற்கு மேல் மருந்து, அடுத்துத் தக்கை, உச்சியில் ஈய ரவை. மருந்து எரிந்து கிளம்பும் வாயு தக்கையைத் தள்ள, தக்கை ரவையைக் குழலுக்கு வெளியே தள்ளுகிறது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக வார்த்தால், ஒரு குண்டின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். குழலின் உள்வாயும் அதே அளவு. 'பன்னிரண்டு' என்ற கணக்கு அங்கிருந்து வந்தது.

ரவை உருண்டையாவதிலும் ஓர் அறிவியல் இருக்கிறது. உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து விட்டால், விழும் வழியிலேயே பரப்பு இழுவிசை ஒவ்வொரு துளியையும் கோளமாக்கிவிடும். கீழே தண்ணீரில் விழுந்து இறுகும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த குழாய்ப் பணியாளர் வில்லியம் வாட்ஸ் இதற்கு 1782-இல் காப்புரிமை பெற்றார்.

பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால், வெள்ளைக்காரர் காலத்து வேட்டைக்காரர்கள் பலர் வீட்டிலேயே தோட்டாவை நிரப்பிக்கொண்டார்கள். காசு மிச்சம், ஆனால் மருந்தின் அளவு தப்பினால் குழலே வெடித்துக் கையையும் கண்ணையும் பறித்துவிடும். இன்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கவுதாரி, நீர்ப்பறவை எதைச் சுட்டாலும் குற்றம்.

இந்தத் தடை உயிரை மட்டும் காக்கவில்லை, குளத்தையும் காக்கிறது. சிறு வேட்டைக்கான ஒரு தோட்டாவில் சுமார் 30 கிராம் ஈயம், இருநூறுக்கு மேற்பட்ட ரவைகளாக இருக்கும். பறவை மேல் படுவது நாலைந்து. மிச்சமெல்லாம் சேற்றில் விழும். வாத்துக்குப் பல் கிடையாது. விழுங்கிய தானியத்தை அரைக்க அது பொடிக்கற்களைத் தேடித் தின்னும். அவை அரைவைப்பைக்குள் அம்மிக் குழவி மாதிரி வேலை செய்யும். கல்லென்று நினைத்து ரவையையும் விழுங்கிவிடும். பையின் அசைவும் அமிலமும் சேர்ந்து ஈயத்தைக் கரைக்க, அது ரத்தத்தில் கலந்து நரம்பைத் தாக்குகிறது. சிறகு தொங்கிப்போகும், குடல் இயங்காததால் தின்ற இரை இறங்காது. வயிற்றில் தீனி இருக்கும்போதே பறவை மெலிந்து சில வாரங்களில் சாகும். அதற்கு ஓரிரு ரவைகளே போதும்.

இதனால்தான் அமெரிக்கா 1991-இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை நாடு முழுக்கத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் சதுப்பு நிலங்களில் தடுத்திருக்கிறது. மாற்று, எஃகு ரவை. ஈயத்தின் அடர்த்தி 11.3, இரும்பினுடையது 7.9, எனவே எஃகு ரவை சீக்கிரம் வேகம் இழக்கும். கிட்டத்தில் இருக்கும் பறவையைத்தான் சுட முடியும், ஆனால் குளத்தில் நஞ்சு சேராது.

நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் துப்பாக்கிக்கே இடமில்லை. 1994-இல் சரணாலயமாகி, ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்த இந்தக் குளத்துக்கு இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் வருகின்றன. ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டுகிறது. பறவை மிரளுமென்று ஊரார் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்த பால்பாண்டியை வெளியூர்க்காரர்களும் அறிவார்கள்.

பறவை எச்சம் ஊறிய இந்தக் குளத்து வண்டலை உழவர்கள் வயலுக்கு உரமாக அள்ளிப் போடுகிறார்கள். ஈயம் மக்காது, சேற்றில் ரவை விழுந்திருந்தால் அதுவும் வண்டலோடு வயலுக்கு வந்திருக்கும். துப்பாக்கியை ஊருக்குள் விடாத கூந்தன்குளத்துக்காரர்கள் வாத்தின் வயிற்றோடு தங்கள் மண்ணையும் காப்பாற்றியிருக்கிறார்கள். மற்ற குளத்தங்கரை ஊர்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.