புகையில்லா அடுப்பு: கட்டினால் போதாது, குழாயையும் கவனிக்க வேண்டும்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் வட்டாரங்களில் இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் பின்கட்டில் விறகடுப்பு அணைந்துவிடவில்லை. குளிக்க வெந்நீர், மாட்டுக்குத் தவிட்டுக் கஞ்சி, நாட்டுக்கோழிக் குழம்பு, விசேஷத்துக்குப் பலகாரம் என்றால் விறகுதான். சிலிண்டர் தீர்ந்து கையில் காசு இல்லாத நாட்களில் சோறும் அதில்தான். சீமைக்கருவேல் காசில்லாமல் கிடைக்கும் ஊரில் இது வியப்பல்ல.

விறகு எரியலாம். புகை வீட்டுக்குள் தங்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையின் காரணமாக உலகெங்கும் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்துள்ளனர். பீடி, சிகரெட்டைத் தொட்டே அறியாத பெண்களுக்கு நாட்பட்ட மூச்சிரைப்பு வருவதும், கண்ணில் புரை விழுவதும், கைக்குழந்தைகளுக்கு நிமோனியா வருவதும் இந்தப் புகையோடு தொடர்புள்ளவை. நமக்குக் கண்ணெரிச்சல்தான் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசுதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது.

கொடியடுப்புக்கு ஒரு குழாய்

நமது பெண்களுக்குக் கொடியடுப்பு புதிதல்ல. முன்னடுப்பில் எரியும் தீயின் மிச்சச் சூடு பக்கத்திலுள்ள கொடியடுப்புக்குப் போய் அங்கே குழம்பு கொதிக்கிறது. அந்தக் கொடியடுப்பின் கடைசியில் ஒரு குழாயை வைத்துக் கூரைக்கு மேலே கொண்டுபோய்விட்டால் அதுதான் புகையில்லா அடுப்பு. வேறு மந்திரம் ஏதும் இல்லை.

எப்படி இழுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளை வீட்டிலேயே சரி செய்துவிடலாம். சூடான காற்று கனம் குறைந்தது. குழாய்க்குள் உள்ள சூடான காற்று மேலே எழும்பும்போது, அந்த இடத்தை நிரப்ப அடுப்பு வாய் வழியாக அறையின் காற்று உள்ளே போகிறது. அப்படிப் போகும் காற்று புகையை வெளியே வரவிடாமல் பிடித்து, பானையின் அடியிலிருந்து கீழே இறக்கி, உள்வழியாக நடத்தி, குழாயில் ஏற்றிவிடுகிறது. குழாய் உயரமாகவும் சூடாகவும் இருந்தால் இழுவை அதிகம். குழாய் குளிர்ந்திருந்தாலோ, வழியில் அடைப்பு இருந்தாலோ, நடுவில் ஓட்டை இருந்தாலோ இழுவை போய்விடும்.

இந்த யோசனை பழையது. வார்தாவில் தமிழரான ஜே.சி.குமரப்பா முன்னின்று நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மகன்வாடியிலிருந்து 1947 வாக்கில் வந்தது 'மகன் சூலா'. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி.ராஜு இதுபற்றி எழுதிய நூல் 1953இல் சென்னையில் அச்சாயிற்று. பிறகு 1983 முதல் 2002 வரை மத்திய அரசின் திட்டத்தில் நாடெங்கும் ஏறக்குறைய மூன்றரைக் கோடி அடுப்புகள் மானியத்தில் கொடுக்கப்பட்டன.

அவற்றில் எத்தனை இன்று இருக்கின்றன என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஒடிசாவில் 44 கிராமங்களில் இத்தகைய அடுப்புகளைக் கட்டிக்கொடுத்து, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதலாண்டில் பெண்களின் உடலில் சேரும் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. மக்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை என்பதே அவர்கள் கண்ட காரணம்.

நான் இதை ஒடிசா போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கல்லல் பக்கம் ஒரு கிராமத்தில் ஓர் அப்பத்தா, "தம்பி, புகையில்லா அடுப்புன்னு கட்டிக் கொடுத்தாக. இப்பப் பழைய அடுப்பைவிட இதுதான் கூடப் புகையுது" என்றார். குழாயின் அடிமூடியை எடுத்துப் பார்த்தோம். ஒரு படி கரி கொட்டியது. அதற்கு மேலே குளவி கட்டிய மண்கூடு. "இதைத் தட்டணும்னு ஒருத்தரும் சொல்லலையேப்பா" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கட்டியவர் அரை நாளில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அடிமூடி என்று ஒன்று இருப்பதையே அவர் காட்டியிருக்கவில்லை.

குழாய் எங்கே, எவ்வளவு உயரம்?

குழாயின் உள்விட்டம் நான்கு அங்குலம் போதும். அடுப்புக்குள் புகை போகும் வழி இதைவிடக் குறுகலாக எந்த இடத்திலும் இருக்கக் கூடாது. வளைவுகள் குறைவாக இருக்கட்டும். ஒவ்வொரு வளைவும் கரி தங்கும் இடம். குழாய் நிற்குமிடத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கரி எடுக்க ஒரு திறப்பும் இறுக்கமான மூடியும் கட்டாயம் வேண்டும்.

குழாயின் மேல்முனை, அது கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து மூன்றடியாவது உயர்ந்திருக்க வேண்டும். பத்தடிச் சுற்றளவில் உள்ள முகடு, சுவர் எதுவாயினும் அதைவிட இரண்டடி மேலே நிற்க வேண்டும். செட்டிநாட்டில் இது முக்கியம். இரண்டு தெரு நீளத்துக்குப் போகும் உயர்ந்த வீட்டின் பின்சுவரை ஒட்டி நம்முடைய ஓட்டு வீடு இருக்கும். ஆடிக்காற்று அந்தச் சுவரைத் தாண்டி விழும்போது புகையைத் திரும்பவும் குழாய்க்குள்ளேயே அமுக்கிவிடும். "ஆடி மாதம் மட்டும் அடுப்பு புகைகிறது" என்பவர்கள் அடுப்பைக் குறை சொல்லாமல் குழாயின் உயரத்தைப் பார்க்க வேண்டும். உயர்த்த வசதியில்லாவிட்டால் சுவரிலிருந்து தள்ளிய பக்கமாகக் குழாயை மாற்றலாம். மழை இறங்காமல் மேலே ஒரு தொப்பி வேண்டும். தொப்பிக்கும் குழாய் முனைக்கும் நடுவே குழாயின் அகலம் அளவுக்காவது இடைவெளி விடுங்கள்.

கூரை வீடு என்றால் குழாயைக் கீற்றின் ஊடே விடவே கூடாது. சுவர் வழியாக வெளியே எடுத்து, தாழ்வாரக் கீற்றை விட்டு நன்றாகத் தள்ளி மேலே ஏற்ற வேண்டும். அதற்கும் வழியில்லாத கூரை வீட்டில் இந்த அடுப்பை உள்ளே வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று பக்கம் திறந்த தனிக் கொட்டகையில் சமைப்பது மேல்.

பழைய நாட்களில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய்களையே வைத்தார்கள். அதன் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். ஆகவே புதிதாக வைப்போர் தகரக் குழாயோ, சுட்ட மண் குழாயோ வைக்கலாம், செங்கல்லால் கட்டவும் செய்யலாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் நிற்குமானால் அதை ரம்பத்தால் அறுக்காதீர்கள், உள்ளே கம்பியால் சுரண்டாதீர்கள். கழற்றும்போது தண்ணீர் தெளித்து, உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும்.

எரிக்கும் முறை

அடுப்பின் மேல் குமிழ் வைப்பது நம் வழக்கம். இந்த அடுப்புக்குக் குமிழ் ஆகாது. பானை துளையில் அச்சாக உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் புகை அங்கே வரும், இழுவையும் குறையும். பாத்திரம் சிறிதானால் நடுவில் துளையிட்ட தகர வளையம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது துளையை ஒருபோதும் திறந்து போடாதீர்கள். அதில் சமைக்க ஏதுமில்லையென்றால் ஒரு குடம் தண்ணீரை வையுங்கள். குளிக்க ஆகும்.

காலையில் பற்ற வைத்தவுடன் கொஞ்ச நேரம் புகை திரும்பி வரும். குழாய் இரவெல்லாம் குளிர்ந்திருப்பதே காரணம். இரண்டு பனையோலைத் துண்டைக் கொளுத்தி அடிமூடி வழியாகக் குழாய்க்குள் பிடித்து, உடனே மூடியைப் போட்டுவிட்டால் குழாய் சூடேறி இழுக்கத் தொடங்கிவிடும். பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள்.

விறகுதான் முக்கால் பங்கு. அப்போது வெட்டிய விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கவே சூடு செலவாகிவிடும். மிச்சமிருக்கும் குளிர்ந்த புகை குழாயில் தாராகப் படியும். சீமைக்கருவேலை மாசி, பங்குனியில் வெட்டி, கைக்கட்டை விரல் கனத்துக்குப் பிளந்து, ஒன்றரையடி நீளத்துக்கு நறுக்கி, ஐப்பசி மழைக்கு முன் நனையாத இடத்தில் அடுக்கிவிட வேண்டும். எரிக்கும்போது நாலைந்து சுள்ளிகள் போதும். அடுப்பு வாயை விறகால் அடைத்தால் காற்றுப் போக வழியேது? முழுக்கட்டையை வெளியே நீட்டிக்கொண்டு செருகி வைப்பதும் இதே தவறுதான். அளவாக வைத்தால் ஊதாங்குழலுக்கு வேலை குறையும்.

நெல் அவிக்கும் பெரிய அண்டாவை இதில் ஏற்ற முயலாதீர்கள். அவ்வளவு தீக்கு நான்கு அங்குலக் குழாய் தாங்காது. அதற்குக் களத்து அடுப்பே சரி.

உயிர் போகும் தவறு ஒன்று

சில அடுப்புகளில் குழாயின் அடியில் ஒரு தட்டு இருக்கும். தீ வேகமாக ஓடும்போது அதைப் பாதி மூடினால் சூடு வீணாகாமல் பானைக்குக் கிடைக்கும். சமையல் முடிந்தபின் தணல் அணையாமல் இருக்கட்டும் என்று சிலர் தட்டை முழுவதும் அடைத்துவிடுகிறார்கள். இது உயிருக்கு ஆபத்து. தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண்ணும் எரியாது. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கார்த்திகை மழையில் கதவு சன்னலை அடைத்து, அடுப்படியிலேயே பாய் விரித்துப் படுக்கிற வீடுகளில் தணலை மண்சட்டியில் வாரி வெளியே வைத்துத் தண்ணீர் தெளித்து அணைத்த பிறகே படுக்க வேண்டும். தட்டை முழுதும் மூடவே முடியாதபடி அதன் ஓரத்தில் ஒரு மூலையை வெட்டிவிடச் சொல்லி நான் பலரிடம் சொல்வதுண்டு.

சுத்தம் செய்வது

அடுப்பு நன்றாக ஆறியபின் செய்ய வேண்டிய வேலை இது. சாம்பலைத் தினமும் வாரிவிடுங்கள். வாரம் ஒருமுறை இரண்டாவது துளை வழியாகக் கைவிட்டு, இரண்டு அடுப்புக்கும் நடுவிலுள்ள வழியில் படிந்த கரியைத் தேங்காய் நாரால் துடைத்தெடுக்க வேண்டும். இரண்டாவது துளைக்கு அடியில் தீயை மேலே தூக்கிவிடும் மண்திட்டு இருக்கும். அதைச் சேர்த்து வழித்துவிடக் கூடாது. அது கரைந்தால் இரண்டாவது பானை சூடேறாது.

குழாயை மாதம் ஒருமுறை, ஈர விறகு எரியும் மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, தட்ட வேண்டும். நீளக் கயிற்றின் நடுவில் சாக்குச் சுருளையோ, தென்னை ஈர்க்குக் கட்டையோ குழாய்க்குச் சரியான பருமனில் கட்டி, கயிற்றின் ஒரு நுனியைக் கல் கட்டி மேலிருந்து இறக்குங்கள். கீழே ஒருவர், மேலே ஒருவர் நின்று மாறி மாறி இழுத்தால் பத்து நிமிட வேலை. ஓட்டின் மேல் நடக்காமல் ஏணியில் நின்று செய்ய வேண்டும். கீழே நிற்பவர் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள்ளட்டும். கரிக்குப் பதில் பளபளப்பான தார் போல ஒட்டியிருந்தால் விறகு ஈரம் என்று அர்த்தம். அந்தத் தார் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கக் கூடும்.

வெடிப்புகளைச் செம்மண்ணும் உமியும் சாணமும் குழைத்து அன்றன்றே பூசிவிடுங்கள். விரல் நுழையும் வெடிப்பு ஒன்று போதும், குழாய் இழுக்க வேண்டிய காற்றையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். வெடிப்பு எங்கே என்று தெரியாவிட்டால் ஊதுவத்தியைக் கொளுத்தி அடுப்பைச் சுற்றிக் காட்டுங்கள். புகை உள்ளே வளையும் இடம் வெடிப்பு.

பெரியவர்கள் கேட்பது

"புகை பட்டால்தான் கீற்றில் பூச்சி விழாது, பரணில் கட்டிய விதைச்சுரையும் சோளக்கதிரும் கெடாது" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. புகையை நிறுத்தினால் அந்தக் காவலும் போய்விடும். அதற்காக வீட்டிலுள்ளவர்கள் புகையைக் குடிக்க வேண்டியதில்லை. பயறு விதையை நன்றாகக் காயவைத்து, சலித்த சாம்பலைக் கலந்து மண்பானையில் வாய் கட்டி வைத்தால் வண்டு விழுவது வெகுவாகக் குறையும்.

எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நகரங்களில் புதிதாகக் கட்டும் வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்திலேயே விசிறி வைத்து, தாளிக்கும் நெடியைக் கீழ்நோக்கி இழுத்து வெளியேற்றும் பெட்டிகள் வந்துள்ளன. சூடான புகை தானாக மேலே போகும். அதைக் கீழே திருப்ப வலுவான விசிறி வேண்டும், மின்சாரமும் வேண்டும். உயரமான பானையில் எழும் ஆவி அதற்கு அகப்படாமல் மேலே போய்விடும். நம் சமையலுக்கு அடுப்புக்கு மேலே சுவரில் வைக்கும் சாதாரண வெளியேற்று விசிறியே சிக்கனம். எதை வைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கைச் சுடுதண்ணீரும் சோப்பும் கொண்டு மாதம் ஒருமுறை கழுவ வேண்டும், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு.

வாரிய சாம்பலைக் குப்பையில் கொட்ட வேண்டாம். அதில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் உள்ளன. செம்புறைக்கல் கலந்த செம்மண் கொல்லையில் கத்தரி, வெண்டை, வாழைக்கு அடியில் போடலாம். உவர் கண்ட வயலில் போடக் கூடாது. யூரியாவோடு கலந்தால் தழைச்சத்து காற்றில் போய்விடும். குழாயிலிருந்து எடுத்த கரியைச் சாம்பலோடு சேர்க்காமல் தனியே குழியில் புதையுங்கள். அதைப் பல் துலக்க எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கேனும் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.