முன்தீர்ப்பின் ஆயுள்

அரியலூர் மண்ணின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கல். கோவிந்தபுரம், தளவாய், ரெட்டிப்பாளையம் ஆகிய ஊர்களில் சிமெண்டு ஆலைகள் எழுந்ததும் அதனாலேயே. அக்கல்லின்மீது எழுந்த வரி வழக்கொன்று, வரித்துறையின் நோட்டீசுக்குப் பதில் எழுத நேரும் எளிய குடும்பத்தாரும் அறிந்திருக்கத் தக்கது.

1958-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு மேல்வரி இருந்தது. சுரங்கக் குத்தகைதாரர் அரசுக்குச் செலுத்தும் ராயல்டியையும் நிலவரியாகக் கொண்டு அதன்மீதும் மேல்வரி கேட்கப்பட்டது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் வழக்காடியது. 25-10-1989 அன்று உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வு, அம்மேல்வரி செல்லாது என்றது. ராயல்டியே ஒரு வரிதான் என்றும் கூறியது. அது முதல், மாநில அரசு கனிமத்திற்கு வரி கேட்கும் போதெல்லாம் சுரங்கத்தார் எடுத்து நீட்டியது இத்தீர்ப்பையே.

2004-இல் கேசோராம் வழக்கில் ஐவர் அமர்வு ஒரு விந்தையைச் சொல்லிற்று: "ராயல்டி மீதான மேல்வரி ஒரு வரி" என்றிருக்க வேண்டிய வாக்கியம், அச்சுப்பிழையால் "ராயல்டி ஒரு வரி" என்றாகிவிட்டதாம்! ஆயினும் எழுவர் சொன்னதை ஐவர் மாற்றவியலாது. ஒன்பதின்மர் அமர்வு கூடி, 25-7-2024 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ராயல்டி வரியன்று எனத் தீர்த்தது. முப்பத்தைந்தாண்டு முன்தீர்ப்பு வீழ்ந்தது. 1-4-2005 முதலான பாக்கியை மாநிலங்கள் கேட்கலாம். 1-4-2026 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுத் தவணையில் செலுத்தலாம். தீர்ப்பு நாளுக்கு முந்திய காலத்திற்கு வட்டியும் அபராதமும் இல்லை என்று 14-8-2024 அன்று ஆணையாயிற்று. பழைய தீர்ப்பை நம்பியிருந்தோர்க்குக் கிட்டிய பரிவு அவ்வளவே; அசல் தப்பவில்லை. தமிழக அரசும் தனிச்சட்டம் இயற்றி, 4-4-2025 முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன் ஒன்றுக்கு 160 ரூபாய் வரி விதித்தது.

பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும் வாங்கி விற்பவருக்கும், அரியலூரில் நிலம் விற்றவருக்கும் நோட்டீசு வருவது இன்று புதிதன்று. கைபேசியில் எவரோ அனுப்பிய தீர்ப்பின் பெயரை மட்டும் பதிலில் எழுதிவிடுவோர் பலர். அத்தீர்ப்பு இன்றும் உயிரோடுள்ளதா? நோட்டீசில் கண்ட அதே பிரிவைப் பற்றியதா? பின்னர் சட்டம் திருத்தப்பட்டதா? எத்தனை நீதிபதிகள் தந்தது? இவற்றைப் பாராமல் எழுதும் பதில் அதிகாரியிடம் நில்லாது. குருமடத்தில் இலத்தீன் பயின்றோர்க்கு 'ராத்சியோ தெச்சிதெந்தி' என்றால் விளங்கும்: தீர்ப்புக்கு அடிப்படையான காரணம். நீதிபதி போகிற போக்கில் சொல்வது 'ஓபித்தேர் திக்தும்'. அதனைப் பற்றிக்கொண்டு பயனில்லை.

பொருத்தமான தீர்ப்பாயின் தயங்க வேண்டுவதில்லை. மேல்முறையீட்டு அமைப்புகளின் ஆணைகளுக்கு வரி அதிகாரிகள் கட்டுப்பட்டவர் என்று 1991-இல் கமலாக்ஷி பைனான்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றமே கண்டிப்பாகக் கூறியுள்ளது. பதிலில் முதற்கண் நம் உண்மைகளையும் பத்திரங்களையும் வைக்க வேண்டும். அதன்பின் தீர்ப்பின் உரிய பத்தியைக் குறித்து, நகலை இணைக்க வேண்டும். உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கெடு முடியுமுன் எழுத்துமூலம் அவகாசம் கேட்பதும், ஒப்புகை பெற்று வைப்பதும் தீர்ப்பைத் தேடுவதற்கும் முந்திய வேலை.