அறுபதால் பெருக்காதீர்கள்: தெள்ளார்ப் பெற்றோருக்கு ஒரு டொராண்டோ கணக்கு

தெள்ளாரிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் ஆரணியிலிருந்தும் கனடாவில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போகிற பெற்றோருக்காக இந்தக் கணக்கை எழுதுகிறேன். அங்கே போய் இறங்கிய மறுநாளே நம் ஆட்களுக்கு ஒரு நோய் பிடித்துக்கொள்கிறது. எதைப் பார்த்தாலும் அறுபதால் பெருக்குவது. "இன்னாடா இது, ஒரு தட்டு கொத்து ஆயிரம் ரூபாயா? வாணாம், வூட்லயே சோறு வடிச்சிக்கலாம்." பெருக்கிப் பெருக்கியே ஆறு மாதம் ஓடிவிடும். ஊர் திரும்பியதும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், சன்னல் வழியாகப் பனி பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

பெருக்கல் சரிதான், அளவுகோல்தான் தவறு. நெல்லை முழத்தால் அளக்கிற மாதிரி. அளவுகோலை மாற்றிப் பார்ப்போம்.

இரண்டு கூலிகள்

கணக்கு எளிதாக இருக்க 1 கனடிய டாலரை 60 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அது நாளுக்கு நாள் ஏறி இறங்கும்.

நூறு நாள் வேலையில் 2025–26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வைத்த நாள் கூலி 336 ரூபாய். டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் 2025 அக்டோபர் 1 முதல் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டாலர் 60 சென்ட். இது அடிமட்டக் கூலி. வரிப் பிடித்தமெல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

ஒரு தட்டு கொத்து ரொட்டி 15 டாலர் அளவில் கிடைக்கிறது. 13 விழுக்காடு விற்பனை வரி சேர்ந்தால் 17. ரூபாயில் 1,020, அதாவது நம் ஊரில் மூன்று நாள் கூலி. நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் அந்தத் தட்டுக்கு அந்த ஊரின் அடிமட்டக் கூலிக்காரர் உழைப்பது 58 நிமிடம். செலவு செய்வது அங்கே சம்பாதித்த பணம் என்றால், அளக்க வேண்டியதும் அங்கத்திய மணியால்தான்.

வண்டிச் செலவு

சுரங்க ரயில், பேருந்து, டிராம் மூன்றுக்கும் ஒரே கட்டணம். பிரெஸ்டோ என்ற பயண அட்டையைத் தட்டினால் 3 டாலர் 30 சென்ட். அறுபத்தைந்து வயது ஆனவருக்கு 2.25. பன்னிரண்டு வயது வரை பேரப்பிள்ளைகளுக்கு இலவசம். தட்டிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும், வந்த வழியே திரும்பினாலும், மறுபடி காசு இல்லை. 3.30 என்பது 11 நிமிடக் கூலி. சந்தைக்குப் போய்க் காய் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர அதே 3.30தான்.

காசில்லாமல் பார்ப்பவை

ஸ்கார்பரோ மலைச்சரிவு: ஒன்டாரியோ ஏரிக்கரையில் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 90 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் வெண்மண் சுவர். தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஸ்கார்பரோவிலேயே இருக்கிறது. கட்டணம் 0.

ஹை பார்க்: 161 ஹெக்டேர் பூங்கா. 1959இல் டோக்கியோ நகர மக்கள் 2,000 செர்ரி மரங்களைக் கொடுத்தார்கள். ஏப்ரல் கடைசியிலோ மே முதலிலோ சில நாட்களுக்கு மட்டும் பூத்துக் கொட்டும். கட்டணம் 0.

ஒன்டாரியோ கலைக்கூடம்: புதன்கிழமை இரவுகளில் நுழைவுக் கட்டணம் இல்லை.

தமிழர் தெருவிழா: 2015 முதல் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஸ்கார்பரோவின் மார்க்கம் சாலையை அடைத்து நடத்துகிறார்கள். கட்டணம் 0.

ரூய்யே கோட்டை நின்ற இடம்: இதை நம் பக்கத்து ஆட்கள் விடவே கூடாது. எக்ஸிபிஷன் பிளேஸ் வளாகத்தில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. 1750–51இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஒரு சிறிய கோட்டை கட்டினார்கள். ஆங்கிலேயர் நெருங்கியதும் 1759இல் அவர்களே அதைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய அதே போரின் இன்னொரு முனைதான் நம் பக்கத்து வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று அங்கே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். அன்றிலிருந்து 230ஆம் நாள், செப்டம்பர் 8 அன்று, மான்ட்ரியல் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. ஒரே ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் தென்னிந்தியாவில் முதுகெலும்பு முறிந்தார்கள், கனடாவையும் இழந்தார்கள். டொராண்டோவில் இன்று ஆங்கிலம் பேசுவதற்கும் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றதற்கும் வேர் ஒன்று. அந்தத் தூண் முன்னால் நிற்கிற தெள்ளார்க்காரருக்கு அது அந்நிய ஊர் இல்லை.

காசு கொடுத்துப் பார்ப்பவை

சிஎன் கோபுரம்: 1976இல் திறந்தது. உயரம் 553.33 மீட்டர். திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி; அப்படி எட்டை அடுக்கினாலும் சிஎன் கோபுரத்தின் உச்சி தொட இன்னும் கொஞ்சம் வேண்டும். 342 மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நின்று கீழே பார்க்கலாம். சீட்டு 45 டாலர் அளவில், வரியோடு 51. மூன்று மணி நேரத்துக்கு 6 நிமிடம் குறைந்த கூலி. இந்தப் பட்டியலில் உண்மையிலேயே விலை கூடியது இது ஒன்றுதான். மூடுபனி நாளில் ஏறினால் காசு வீண். வானம் வெளுத்த நாளாகப் பார்த்துச் சீட்டு எடுங்கள்.

டொராண்டோ தீவுகள்: படகில் போக வர 9 டாலரை ஒட்டி. கால் மணி நேரப் பயணம். கார் ஓடாத தீவுகள். முழங்கால் வலிக்காரர்கூடச் சமதரையில் நடந்து நாள் முழுக்கக் கழிக்கலாம். 31 நிமிடக் கூலி.

நயாகரா: டொராண்டோவிலிருந்து சாலை வழியாக 130 கிலோமீட்டர். சனி, ஞாயிறுகளில் கோ (GO) ரயில், பேருந்துப் போக்குவரத்தின் ஒரு நாள் சீட்டு 10 டாலர். அதிலேயே போய் வந்துவிடலாம். 34 நிமிடக் கூலி. அருவியைக் கைப்பிடிக் கம்பி ஓரமாக நின்று பார்க்கக் கட்டணம் கிடையாது. படகில் ஏறி நனைவதற்கு மட்டும் தனிச் சீட்டு.

அருவியின் அளவை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 1950இல் கனடாவும் அமெரிக்காவும் போட்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாப் பருவத்தின் பகல் நேரத்தில் விநாடிக்கு 1,00,000 கன அடிக்குக் குறையாமல் அருவியில் தண்ணீர் விழ வேண்டும். மீதியை மின்சாரம் எடுக்கத் திருப்பிவிடலாம். சாத்தனூர் அணையின் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அந்த வேகத்தில் விழுந்தால் சாத்தனூர் 20 மணி 20 நிமிடத்தில் நிரம்பிவிடும். 93.47 டிஎம்சி கொள்ளும் மேட்டூருக்குப் பதினோரு நாள்கூட ஆகாது. தண்ணீர் திறந்துவிடுகிறார்களா என்று ஆண்டுதோறும் செய்தி பார்த்துக் காத்திருக்கும் ஒரு விவசாயி, அந்தக் கம்பியோரம் நின்றால் பேச்சு வராது. அவர் அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

தின்பவை

கொத்து ரொட்டி, இடியாப்பம், சொதி, புட்டு, ஆட்டிறைச்சி ரோல்ஸ். இவை ஈழத்தமிழர் கைப்பக்குவம். நம் பரோட்டாக் கடைக் கொத்து வேறு, இது வேறு. ரோல்ஸ் ஒன்று 2 டாலர் அளவில். மொத்தம் 4 டாலருக்குள் வாங்கினால் சமைத்த உணவுக்கு 5 விழுக்காடு வரி மட்டும், தாண்டினால் 13. உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 15 விழுக்காடு அளவுக்கு அன்பளிப்பு வைப்பது வழக்கம். கட்டி வாங்கிப்போனால் தேவையில்லை.

அந்தத் தட்டுக்குப் பின்னால் இன்னொரு எண் இருக்கிறது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அப்படிப் போரிலிருந்து தப்பி வந்து நிலைத்த மக்களின் அடுப்பு அது. 2016இல் கனடிய நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. நம் பிள்ளைகள் இன்று அங்கே தமிழில் பேசிக் காய்கறி வாங்க முடிவது அவர்கள் போட்ட பாதையால்.

மேப்பிள் பாகு: மார்ச் மாதத்தில் மரத்தில் துளையிட்டுச் சாறு இறக்கிக் காய்ச்சுகிறார்கள். 40 லிட்டர் சாறு சுண்டினால் 1 லிட்டர் பாகு. பதநீர் காய்ச்சிய கை இருந்தால் அதன் விலை ஏன் கூடுதல் என்று தானே புரியும்.

செயின்ட் லாரன்ஸ் சந்தை 1803இலிருந்து நடக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. ஒரு காலை வேளைக்குப் போதும்.

மொத்தம்

ஓர் ஆளுக்கு, ஏழு நாளுக்கு:

நகரப் பயணம், 12 தட்டல் × 3.30: 39.60
நயாகரா வாரக்கடைசிச் சீட்டு: 10.00
தீவுப் படகு: 9.00
சிஎன் கோபுரம்: 51.00
வெளிச் சாப்பாடு, 4 வேளை × 17: 68.00
கூட்டுத்தொகை: 177.60 டாலர்

ரூபாயில் 10,656. நூறு நாள் வேலையில் 32 நாள். ஒன்டாரியோவின் அடிமட்டக் கூலியில் 10 மணி 5 நிமிடம்.

இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். டொராண்டோவில் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகை மாதம் 2,000 டாலரைத் தாண்டுகிறது. அதே கூலியில் 113 மணி நேரத்துக்கு மேல். பிள்ளையின் சம்பளத்தைத் தின்பது வாடகைதான். நீங்கள் தின்கிற கொத்து ரொட்டியால் அவன் முழுகிப்போக மாட்டான். விசாவுக்கு 100, கைரேகைக்கு 85 என்று 185 டாலர் கட்டி, 13,400 கிலோமீட்டர் கடந்து வந்தாயிற்று. விமானச் சீட்டுக்கும் பணம் போயாயிற்று. அதற்குப் பிறகு 3.30 மிச்சம் பிடித்து வீட்டில் உட்காருவதுதான் நட்டம்.

போகும் மாதத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூன் மாதத்தில் அங்கே பகல் ஏறக்குறைய பதினைந்தரை மணி நேரம். இரவு ஒன்பதுக்குத்தான் சூரியன் இறங்கும். டிசம்பரில் 9 மணி நேரம்கூட இல்லை. ஆரணிப் பட்டு எடுத்துப்போனால், பரிசுப் பொருள் ஒன்றுக்கு 60 டாலர் வரைதான் தீர்வை கிடையாது. அதற்கு மேற்பட்ட விலை என்றால் விமான நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஓர் எண். ஒன்டாரியோ சட்டப்படி ஐந்தாண்டுக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கு உறுதியான ஊதிய விடுப்பு ஆண்டுக்கு இரண்டே வாரம். பிள்ளையிடம் தட்டுப்பாடு இருப்பது அங்கேதான். ஆகவே பிரெஸ்டோ அட்டை ஒன்று வாங்கிக்கொண்டு, மலைச்சரிவுக்கும் பூங்காவுக்கும் சந்தைக்கும் கணவனும் மனைவியுமாகப் போய்வாருங்கள். வழி கேட்கத் தமிழ் பேசுபவர் ஸ்கார்பரோவில் கிடைப்பார். அவனுடைய சனி, ஞாயிறு ஓய்வில் ஒரு நாளை மட்டும் நயாகராவுக்குக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு நாளுக்கு அறுபதால் பெருக்கிச் சொல்ல விலை கிடையாது.